குறைந்த செலவில் நல்ல வீடியோ: எந்த லென்சு வாங்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் ஏதாவது ஒரு வீட்டில் விசேஷம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று வரிசையாக வரும்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியால் இரண்டு நாள் ரெயில் பயணம் செய்து வர முடியாது. வயலை விட்டுவிட்டுச் சித்தப்பாவால் வர முடியாது. அவர்கள் எல்லாரும் அந்த விசேஷத்தைப் பார்ப்பது வீடியோவில்தான்.

அந்த வீடியோவை எடுப்பவர் யார்? பெரிய ஸ்டூடியோக்காரர் அல்ல. பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் இளைஞர்தான். திங்கள் முதல் சனி வரை ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பார்; அல்லது பட்டறையிலோ கடையிலோ நிற்பார். ஞாயிற்றுக்கிழமை காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதில் கிடைக்கும் பணம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும், ஊருக்கு அனுப்பும் மணியார்டருக்கும் உதவுகிறது.

இவர்களில் பலர் வைத்திருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிரா. அதாவது, உள்ளே கண்ணாடி வைத்து, லென்சைக் கழற்றி மாட்டக்கூடிய காமிரா. காமிரா வாங்கியாயிற்று. அடுத்து எழும் கேள்வி: எந்த லென்சு வாங்குவது?

இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் கிடைத்தால் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். சரியான பதில் தெரிந்தால், மலிவான லென்சை வைத்துக்கொண்டே நல்ல படம் எடுக்கலாம்.

போட்டோ காமிரா வீடியோ காமிரா ஆனது

டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் முதலில் போட்டோ மட்டுமே எடுத்தன. 2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிக்கான் கம்பெனி டி-90 என்ற காமிராவை அறிவித்தது. வீடியோவும் எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். அடுத்த மாதமே கேனன் கம்பெனி 5-டி மார்க் 2 காமிராவை அறிவித்தது. அது முழு எச்.டி. தரத்தில் வீடியோ எடுத்தது.

சினிமாக்காரர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். பாலாஜி சக்திவேல் டைரக்ட் செய்து 2012-ல் வெளிவந்த "வழக்கு எண் 18/9" படம், இத்தகைய போட்டோ காமிராவில் படமாக்கப்பட்டதுதான்.

இன்று நிலைமை மாறிவிட்டது. காமிரா கம்பெனிகள் கண்ணாடி இல்லாத "மிர்ரர்லெஸ்" காமிராக்களுக்கு மாறிவிட்டன. வசதி உள்ளவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு, பழைய டி.எஸ்.எல்.ஆரையும் அதன் லென்சுகளையும் விற்றுவிடுகிறார்கள். அதனால் செகண்ட்ஹேண்ட் சந்தையில் நல்ல சரக்கு மலிவாக வருகிறது. குறைந்த சம்பளக்காரருக்கு இது நல்ல காலம்.

போட்டோ வேறு, வீடியோ வேறு

போட்டோவுக்கு நல்ல லென்சு வீடியோவுக்கும் நல்ல லென்சாகத்தானே இருக்கும்? அப்படிச் சொல்ல முடியாது. காரணம் இருக்கிறது.

போட்டோ எடுக்கும்போது வெளிச்சம் குறைவாக இருந்தால் பிளாஷ் அடிக்கலாம். வீடியோவில் பிளாஷ் கிடையாது. அசையாத பொருளாக இருந்தால், போட்டோவில் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். வீடியோவில் அதுவும் முடியாது.

வீடியோ என்பது வினாடிக்கு 25 படங்கள் ஓடுவது. அசைவு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வினாடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஓடுவது. ஷட்டரை 50 அல்லது 100-ல் ஒரு பங்கு என்று வைத்தால்தான் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்காமல் இருக்கும். வேறு எண்ணில் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

ஆக, ஷட்டர் 50-ல் நின்றுவிடுகிறது. ஒளியைக் கூட்ட மிச்சம் இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவது. பழைய காமிராக்களில் அது 1600-ஐத் தாண்டினால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் தெரியும். மற்றொன்று, லென்சின் கண்ணை அகலத் திறப்பது. எவ்வளவு திறக்க முடியும் என்பது லென்சைப் பொறுத்தது. அதனால்தான் வீடியோக்காரருக்கு லென்சு முக்கியம்.

"எப்" எண் சொல்வது என்ன?

லென்சின் முன்பக்கம் 1.8, 3.5, 5.6 என்று எண்கள் இருக்கும். இதை "எப்" எண் என்பார்கள். எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. ஒளி அதிகம் வரும். எண் பெரியதானால் ஒளி குறையும்.

காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் லென்சு பெரும்பாலும் 18-55 மி.மீ. லென்சு. அதில் "எப் 3.5-5.6" என்று எழுதியிருக்கும். 18-ல் வைத்தால் எப் 3.5. முகத்தை நெருக்கிக் காட்ட 55-க்கு இழுத்தால், அது தானாகவே எப் 5.6 ஆகிவிடும்.

எப் 1.8 லென்சு, எப் 5.6-ஐப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 3.1. அதை அதனாலேயே பெருக்கினால் 9.7 வருகிறது.

இந்தப் பத்து மடங்கு வித்தியாசம்தான் பல கல்யாண வீடுகளில் சண்டையைக் கிளப்புகிறது.

"என்ன தம்பி, மூணு மணி நேரம் நின்னு எடுத்தீங்க. பொண்ணு முகமே இருட்டா இருக்கே?" என்று கேட்பார் பெண்ணின் மாமா.

"மண்டபத்திலே லைட்டு பத்தலை, அண்ணாச்சி" என்பார் படம் எடுத்தவர்.

மண்டபத்தின் மேல் பழி போட்டுப் பயன் இல்லை. தாலி கட்டுவதை மறுபடியும் கட்டச் சொல்லிப் படம் எடுக்க முடியாது. வெளிச்சம் பத்தாது என்பதை எதிர்பார்த்துத்தான் லென்சு வாங்க வேண்டும்.

முதலில் இடத்தை அளந்து பாருங்கள்

"கண்ணை மூடிக்கொண்டு 50 மி.மீ. எப் 1.8 லென்சு வாங்கு" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலிவான லென்சுதான். நல்ல லென்சுதான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு வளைகாப்பு வீட்டுக்குப் போனவர்கள் திண்டாடிப் போவார்கள்.

ஏன்? மும்பையில் நம்மவர்கள் பலர் குடியிருப்பது பத்துக்குப் பத்து அறையில். அங்கே 50 மி.மீ. லென்சைப் போட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும், கர்ப்பிணியின் முகமும் தோளும்தான் தெரியும். வளையல் போடுகிறவர் தெரியமாட்டார். சுற்றி இருப்பவர்களும் தெரியமாட்டார்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுங்கள். பெரும்பாலான கேனன் டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களின் உள்ளே இருக்கும் சென்சார் சுமார் 22 மி.மீ. அகலம் உள்ளது. நிற்கும் தூரத்தை 22-ஆல் பெருக்கி, லென்சின் மி.மீ. எண்ணால் வகுத்தால், படத்தில் எத்தனை அடி அகலம் அடங்கும் என்பது தெரிந்துவிடும். நிக்கானுக்கு 22-க்குப் பதில் 24 என்று வைத்துக்கொள்ளலாம். 5-டி போன்ற பெரிய சென்சார் காமிராவுக்கு 36.

கேனன் காமிராவில் பத்து அடி தூரத்தில் நின்றால்:

18 மி.மீ. லென்சில் 12 அடி அகலம் அடங்கும்.

24 மி.மீ. லென்சில் 9 அடி அடங்கும்.

35 மி.மீ. லென்சில் 6 அடி அடங்கும்.

50 மி.மீ. லென்சில் நாலரை அடிதான் அடங்கும். உயரம் இரண்டரை அடிதான்.

கல்யாண மண்டபம் என்றால் கதை வேறு. அங்கே மேடையிலிருந்து இருபது அடி தள்ளி நிற்கலாம். அப்போது 50 மி.மீ. லென்சில் ஒன்பது அடி அகலம் அடங்கும். மணமக்களும் ஐயரும் பெற்றோரும் அழகாகத் தெரிவார்கள்.

ஆகவே, அடிக்கடி எடுப்பது வீட்டு விசேஷமா, மண்டபக் கல்யாணமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு லென்சைத் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில காமிராக்கள் 4-கே வீடியோ எடுக்கும்போது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். கேனன் 200-டி மார்க் 2 அப்படிப்பட்டது. அதில் 4-கே வைத்தால் படம் இன்னும் குறுகிவிடும். சின்ன அறைக்கு முழு எச்.டி.யே நல்லது.

எந்த வேலைக்கு எந்த லென்சு?

முதலாவது, காமிராவோடு வந்த 18-55 லென்சு. இதை யாரும் மதிப்பதில்லை. விற்றாலும் பெரிய விலை வராது. விற்காமல் வைத்திருங்கள். பகல் வெளிச்சத்தில், சின்ன அறையில், கூட்டத்தைக் காட்ட இதுவே போதும். கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதியும் இதன் பெரும்பாலான மாடல்களில் உண்டு. கேனனில் "ஐ.எஸ்." என்றும், நிக்கானில் "வி.ஆர்." என்றும் எழுதியிருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. எப் 3.5-ல் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஜூம் செய்தால் படம் திடீரென்று இருண்டுவிடும். அதைத் தவிர்க்க, ஆரம்பத்திலேயே எப் 5.6 என்று வைத்துவிடுங்கள். அல்லது, படம் ஓடும்போது ஜூம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, 50 மி.மீ. எப் 1.8. மண்டபத்துக்கும், முகத்தை அழகாகக் காட்டுவதற்கும் இதுதான் ஏழையின் லென்சு. கேனனில் 1990-ல் வந்த "மார்க் 2", 2015-ல் வந்த "எஸ்.டி.எம்." என்று இரண்டு வகை சந்தையில் கிடைக்கும். எஸ்.டி.எம். கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் மோட்டார் சத்தம் குறைவு. வீடியோவுக்கு அதுவே மேல். புதிதாக வாங்கினாலும் அதன் விலை ஒரு சுமாரான செல்போன் விலைக்குள் அடங்கிவிடும். யோங்னுவோ என்ற சீனக் கம்பெனியின் 50 மி.மீ. லென்சு இன்னும் மலிவு. போகஸ் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அறைக்கு ஏற்ற லென்சு. கேனன்காரர்களுக்கு 2014-ல் வந்த 24 மி.மீ. எப் 2.8 எஸ்.டி.எம். இருக்கிறது. தோசைக்கல் போலத் தட்டையாக, சட்டைப் பையில் போடும் அளவுக்குச் சின்னது. நிக்கான்காரர்களுக்கு 2009-ல் வந்த 35 மி.மீ. எப் 1.8 ஜி இருக்கிறது. வீட்டு விசேஷங்களே அதிகம் என்றால், 50-க்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் ஒரே லென்சு வேண்டும் என்பவர்களுக்கு, டாம்ரான் அல்லது சிக்மா கம்பெனியின் 17-50 மி.மீ. எப் 2.8. ஜூம் செய்தாலும் எப் எண் மாறாது. செகண்ட்ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் வாங்கலாம். இது இரண்டாவது வருடத்துச் செலவு. முதல் மாதத்துச் செலவு அல்ல.

24-70 எப் 2.8 போன்ற பெரிய லென்சுகள் புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

அகலத் திறந்தால் ஆபத்தும் உண்டு

எப் 1.8 வாங்கியாயிற்று என்று எப்போதும் 1.8-லேயே எடுக்கக் கூடாது. ஆறு அடி தூரத்தில் 50 மி.மீ. லென்சை 1.8-ல் திறந்து வைத்தால், முன்னும் பின்னுமாக ஏறக்குறைய நாலு அங்குல இடம்தான் தெளிவாக இருக்கும். காதுகுத்தும்போது குழந்தை தலையை ஆட்டாமல் இருக்குமா? ஆட்டியதும் முகம் மங்கிவிடும்.

அசைவு அதிகமாக உள்ள இடத்தில் எப் 2.8 அல்லது 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.8-ல் வைத்தாலும், 5.6-ஐப் போல் நாலு மடங்கு ஒளி கிடைக்கிறது.

போகஸ் என்னும் தலைவலி

பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் வீடியோ எடுக்கும்போது தானாகப் போகஸ் செய்வதில் மந்தம். முகத்தைத் தேடி லென்சு முன்னும் பின்னும் அலையும். அந்த அலைச்சல் முழுவதும் வீடியோவில் பதிவாகும்.

கேனனில் 2013-ல் வந்த 70-டி மாடலில் "டூயல் பிக்சல்" என்ற புதிய முறை வந்தது. 80-டி, 200-டி போன்றவற்றிலும் அது உண்டு. இந்தக் காமிராக்களில் எஸ்.டி.எம். லென்சு போட்டால் போகஸ் மெதுவாக, சத்தமில்லாமல், தானாக நடக்கும்.

550-டி, 600-டி போன்ற பழைய மாடல் வைத்திருப்பவர்கள் கையாலேயே போகஸ் செய்யப் பழக வேண்டும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துப் போகஸ் வைத்துவிட்டு, பிறகு பட்டனை அழுத்தி எடுக்கலாம். பத்து நாள் வீட்டில் பழகினால் கை தானாக வந்துவிடும்.

நிக்கான்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டி-3000, டி-5000 வரிசைக் காமிராக்களில் போகஸ் மோட்டார் கிடையாது. லென்சில்தான் மோட்டார் இருக்க வேண்டும். கடைக்காரர் மலிவாக இருக்கிறது என்று "50 எப் 1.8 டி" லென்சைக் கொடுப்பார். அது இந்தக் காமிராக்களில் தானாகப் போகஸ் ஆகாது. "ஏ.எப்.-எஸ்." என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஏ.எப்.-பி" என்று எழுதிய புதிய லென்சுகள் மிகப் பழைய நிக்கான் காமிராக்களில் வேலை செய்யாது. காமிராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

தாத்தா காலத்து லென்சு

கையால் போகஸ் செய்யத் தெரிந்துவிட்டால், இன்னொரு மலிவான வழியும் திறக்கிறது. பிலிம் காலத்து லென்சுகளை வாங்கலாம்.

அந்தக் காலத்து லென்சுகள் பெரும்பாலும் அலுமினியத்தாலும் பித்தளையாலும் செய்தவை. போகஸ் வளையம் வெண்ணெய் போல் நிதானமாகச் சுற்றும். வீடியோவுக்கு அதுதான் தேவை. எப் எண்ணை மாற்றவும் லென்சிலேயே வளையம் இருக்கும்.

ஜப்பானில் செய்த பென்டாக்ஸ் டக்குமார் 55 மி.மீ. எப் 1.8, சோவியத்து நாட்டில் செய்த ஜெனித் காமிராவோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. எப் 2 ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றைத் திருகி மாட்ட வேண்டும். நிக்கானின் பழைய 50 மி.மீ. லென்சுகளும் நல்லவை.

எது எதில் பொருந்தும்? லென்சின் அடிப்பக்கத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. கேனன் டி.எஸ்.எல்.ஆரில் இது 44 மி.மீ. திருகு லென்சுகளுக்கு ஏறக்குறைய 45.5 மி.மீ. நிக்கானுக்கு 46.5 மி.மீ. எனவே கேனன் உடலில் ஒரு மெல்லிய வளையத்தை இடையில் வைத்துத் திருகு லென்சையும் நிக்கான் லென்சையும் மாட்டலாம். இந்த "அடாப்டர்" வளையம் சில நூறு ரூபாய்ச் சமாசாரம்.

நிக்கான் உடலில் திருகு லென்சை இப்படி மாட்டினால் தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாது. கேனனின் பழைய எப்.டி. வகை லென்சுகள், இன்றைய கேனன் டி.எஸ்.எல்.ஆரிலும் ஒழுங்காகப் பொருந்தாது. "இரண்டும் கேனன்தானே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

சந்தையில் வாங்கும்போது

மும்பையில் சி.எஸ்.எம்.டி. ரெயில் நிலையத்தை அடுத்த கோட்டைப் பகுதியில், போரா பஜாரில் காமிராக் கடைகள் இருக்கின்றன. டெல்லியில் இருக்கும் தமிழர்களுக்குச் சாந்தினி சவுக்கில் குச்சா சவுத்ரி மார்க்கெட் இருக்கிறது. எங்கே போனாலும் மூன்று கடையில் விலை கேளுங்கள். செகண்ட்ஹேண்ட் லென்சு வாங்குகிறவர்கள் ஒரு சின்ன டார்ச் லைட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

லென்சின் ஒரு பக்கம் டார்ச்சை அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ, வேர் போலவோ கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துடைத்தால் போகாது, கண்ணாடியையே அரித்திருக்கும். புகை மூட்டம் போல் தெரிந்தாலும் வேண்டாம். இரண்டொரு தூசி இருந்தால் பாதகமில்லை.

பழைய லென்சில் எப் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். எண்ணெய் கசிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். சில டக்குமார் லென்சுகளின் கண்ணாடி வயதாகி மஞ்சளித்திருக்கும். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தானாகப் போகஸ் ஆகும் லென்சு என்றால், காமிராவில் மாட்டி ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். கரகர சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

புதிய லென்சு வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். இந்திய வாரண்டி கார்டு கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால், பழுது வரும்போது உங்களுக்குத் துணை யாரும் இல்லை என்று அர்த்தம்.

வெயிலுக்கு ஒரு கூலிங் கிளாஸ்

இருட்டுக்கு லென்சு வாங்கியவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். தாராவி 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கல் பொங்குவதைப் படம் எடுக்கப் போகிறீர்கள். சுள்ளென்று வெயில். ஷட்டர் 50-ல் நிற்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100-க்குக் கீழே இறங்காது. அப்போது எப் 22 வரை சுருக்க வேண்டிவரும். படம் சப்பென்று ஆகிவிடும்.

இதற்கு "என்.டி. பில்டர்" என்ற கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. காமிராவுக்குக் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் பில்டரைப் போட்டால் எப் 8-லேயே எடுக்கலாம்.

ஒவ்வொரு லென்சுக்கும் ஒரு பில்டர் வாங்க வேண்டியதில்லை. கேனன் 50 எஸ்.டி.எம். லென்சின் வாய் 49 மி.மீ.; 24-க்கு 52; 18-55-ல் பெரும்பாலானவற்றுக்கு 58. ஆகவே 58 மி.மீ. பில்டர் ஒன்று வாங்கி, சின்ன லென்சுகளுக்கு "ஸ்டெப்-அப்" வளையம் போட்டுக்கொண்டால் செலவு மிச்சம்.

கடன் வாங்கி லென்சு வாங்கலாமா?

"நல்ல லென்சு இருந்தால் பெரிய ஆர்டர் வரும். தவணையில் எடுத்துக்கொள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒரு விசேஷத்தில் செலவு போக மூவாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு இரண்டு விசேஷம் என்றால் ஆறாயிரம். லட்ச ரூபாய் லென்சின் அசலை அடைக்க மட்டுமே 17 மாதம் ஆகும். வட்டி தனி. ஆடி மாதமும் மார்கழி மாதமும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

பெரிய கல்யாணம் ஒன்று கிடைத்து, பெரிய லென்சு தேவைப்பட்டால் வாடகைக்கு எடுங்கள். சினிமா ஊரான மும்பையில் நாள் வாடகைக்கு லென்சு தரும் கடைகள் உண்டு. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வாடகையைக் கல்யாண வீட்டாரிடம் பேசும் தொகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலையே எடுத்து வந்து உங்கள் காமிராவில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். முதலில், இருக்கிற 18-55 லென்சைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து, உங்கள் வேலைக்கு ஏற்ற ஒரே ஓர் ஒற்றை எண் லென்சு வாங்குங்கள்: மண்டபத்துக்கு 50, வீட்டுக்கு 24 அல்லது 35. மூன்றாவதாக, ஒரு நல்ல முக்காலி வாங்குங்கள். கேனன் 50, 24, நிக்கான் 35 ஆகிய இந்த மலிவு லென்சுகளில் கை ஆட்டத்தைத் தடுக்கும் வசதி கிடையாது. முக்காலி இல்லாமல் அவை பாதிப் பலன்தான் தரும். பில்டர் நான்காவது. மற்றது எல்லாம் சம்பாதித்த பிறகு.

மழைக்காலத்தில் ஜாக்கிரதை

வாங்கியதைக் காப்பதும் முக்கியம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை துவைத்த துணியே காய்வதில்லை. லென்சில் பூஞ்சை பிடிக்கும் காலம் அதுதான்.

லென்சைத் தோல் உறையிலோ, பீரோவிலோ மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறிவிட்டால் ஜெல்லை இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் போடலாம். அரிசியில் போட்டு வைப்பது தவறு. அரிசித் தூசி லென்சுக்குள் போய்விடும். வாரம் ஒரு முறை லென்சை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். புழங்குகிற லென்சில் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

இப்படிக் காத்த லென்சு வீண் போகாது. நாளை மிர்ரர்லெஸ் காமிராவுக்கு மாறினாலும், கேனன் டி.எஸ்.எல்.ஆர். லென்சுகளை அடாப்டர் மூலம் அதில் மாட்டிக்கொள்ளலாம். மோட்டார் உள்ள நிக்கான் லென்சுகளுக்கும் அந்த வசதி உண்டு.

ஊரில் இருந்து வீடியோவைப் பார்க்கும் பாட்டி, அது எந்த லென்சில் எடுத்தது என்று கேட்கப் போவதில்லை. பேத்தியின் முகம் தெளிவாகத் தெரிகிறதா, தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை தெரிகிறதா என்றுதான் பார்ப்பாள். அதற்கு இடத்தை அளந்து, வெளிச்சத்தைக் கணக்கிட்டு வாங்கிய ஒரு சின்ன லென்சு போதும்.